இந்தத் துணிக்குச் செய்தி வேண்டாம்

குளியலறைச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு மேலே, இரண்டாவது மாடியில் அந்த நிறுவனம் இருந்தது. படியேறும்போது பாதி வழியில் குழாய்ப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒருக்களித்துத்தான் போக வேண்டும். மேலே போனால் பத்துப் பன்னிரண்டு பேர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சலவைக் கடைகளுக்கான மென்பொருள் செய்து விற்பது அவர்கள் தொழில். காற்று வரும் என்று ஜன்னலோரம் இடம் பிடித்து, கடைசியில் தெருச் சத்தம் முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொண்ட ஒருவர் அங்கே இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை ‘சார்’ என்றார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பார்க்கலாம்’ என்றார்கள்.

அவர் முதலில் சேர்ந்தது தொலைபேசி எடுக்கும் வேலைக்கு. கொதித்துப்போய்க் கூப்பிடும் கடைக்காரர் பேச்சை முடிக்கும்போது “உங்க பொண்ணு என்ன படிக்குது?” என்று விசாரித்துவிட்டு வைப்பார். அப்படி ஒரு குரல் அவருக்கு. அதைக் கேட்டுக் கேட்டு அசந்துபோன முதலாளி, கடைக்காரர்கள் மென்பொருளில் என்னென்ன புதிதாக வேண்டும் என்று கேட்கிறார்களோ அதையெல்லாம் சேகரித்து, எது முன்னால், எது பின்னால் என்று பிரிக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார்.

சொல்வதற்கு எளிது. ஒரு கடைக்காரர் ரசீதில் எழுத்து பெரிதாக வேண்டும் என்பார். எழுத்து பெரிதானால் ரசீது நீளும், காகிதம் வீண் என்று அடுத்தவர் சண்டைக்கு வருவார். வேட்டைக்குக் கிளம்பியவர் மாதிரி திரையைப் படம் பிடித்து, மூலைக்கு மூலை சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார் ஒருவர். காரோட்டிக்கொண்டே குரல் பதிவு அனுப்புவார் இன்னொருவர். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எல்லாவற்றையும் அவர் ஓர் அட்டவணையில் ஏற்றுவார். என்ன கேட்டார்கள், எத்தனை கடைகள் கேட்டன, செய்ய எவ்வளவு வேலை பிடிக்கும். அதிகம் பேர் கேட்டது மேலே போகும். ஒற்றை ஆள் கேட்டது அடியில் கிடக்கும். திங்கட்கிழமைதோறும் அந்த அட்டவணையை நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் கத்துவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘சந்தை’ என்று பெயர்.

கேட்டவர்களிடம் பதில் சொல்வதும் அவர் பொறுப்பு. அங்கேதான் ‘பார்க்கலாம்’ வந்தது. அதைச் சட்டென்று சொல்லி முடித்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, ‘பாஆர்க்கலாம்’ என்று இழுத்தால் கைகழுவிவிட்டார் என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பொய் சொல்கிறவர் அல்ல. நம்பிக் கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்வது, வீட்டுக்கு வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி அவருக்குத் தோன்றும். அவ்வளவுதான்.

அவரிடம் அடிக்கடி பேசுகிற கடைக்காரர்களில் ஒரு அம்மா உண்டு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பக்கவாட்டு வாசலுக்கு எதிரே சின்ன சலவைக் கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இவரைத் ‘தம்பி’ என்பார். இவர் ‘அக்கா’ என்பார். நேரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

அந்த அக்கா கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் மென்பொருளில் ஏற்கெனவே இருந்த ஒரு வசதியைப் பற்றி. துணி துவைத்து இஸ்திரி போட்டு முடிந்ததும், கொடுத்தவருடைய கைபேசிக்குத் தானாக ஒரு செய்தி போகும்: ‘உங்கள் துணிகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.’ வாங்கிக்கொண்டு போகும்வரை வாரந்தோறும் அது மறுபடி போகும். துணி தேங்கிக் கிடப்பதுதான் சலவைக் கடைகளின் பெரிய தலைவலி என்பதால், இந்த ஏற்பாட்டுக்கு நிறுவனத்தில் நல்ல பெயர். அந்த வாசகத்தை எழுதியவரே இவர்தான். எழுதிய அன்று முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“தம்பி, ஒரு சிலருக்கு மட்டும் அந்தச் செய்தி போகாம நிறுத்த முடியுமா?” என்று அக்கா கேட்டார்.

“ஏங்க்கா, தொந்தரவுன்னு யாராவது சொல்றாங்களா?”

“தொந்தரவுன்னு இல்ல. ஆஸ்பத்திரி எதிர்ல கடை வச்சிருக்கேன். துணி குடுத்தவங்க எல்லாரும் திரும்பி வர்றதில்லை.”

“பார்க்கலாம்க்கா” என்றார் அவர்.

இழுத்துத்தான் சொன்னார். அட்டவணையில் ‘செய்தி நிறுத்தம்: ஒரு கடை’ என்று எழுதினார். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தலைமையாக இருந்த பெண்மணியிடம் கேட்டார். எந்தக் கோரிக்கை போனாலும் பாதியாக வெட்டிவிடுவார் என்பதால் அந்தப் பெண்மணிக்குக் ‘கத்திரி’ என்று பெயர். அது தெரிந்தே, பெருமையாகச் சுமந்துகொண்டிருந்தவர்.

“ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா செய்தியை நிறுத்தணும்னா அடியில இருந்து பிரிச்சு மேயணும். மாசக்கணக்கா இழுக்கும்” என்றார் கத்திரி.

ஊர் ஊராகக் கிளை பரப்பியிருந்த ஒரு பெரிய சலவை நிறுவனம் அதே சமயம், அடிக்கடி வருகிற வாடிக்கையாளருக்குப் புள்ளிகள் வழங்கும் திட்டம் வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிளையும் தனித்தனியே கேட்டது. அட்டவணையின் உச்சியில் அது போய் உட்கார்ந்தது. அக்காவின் கோரிக்கை அடிக்குப் போனது. இரண்டொரு முறை அவர் மறுபடி கேட்டார். இவரும் மறுபடி அதையே சொன்னார். அப்புறம் அக்கா கேட்பதை விட்டுவிட்டார். பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கமான விசாரிப்பெல்லாம் இல்லை.

“தம்பி, உங்க மென்பொருள்ல ‘ஒப்படைத்தாயிற்று’ன்னு ஒரு பொத்தான் இருக்குல்ல?”

“ஆமாக்கா. துணியைக் குடுத்ததும் அழுத்தறது.”

“அதை அழுத்தினா செய்தி நின்னுடும். நீங்க வழி பண்ற வரைக்கும்னு, நான் அதைத்தான் அழுத்திட்டு வந்தேன். துணி கடையிலேயே தொங்கும். எது யாரோடதுன்னு எனக்குத் தெரியும்.”

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தெருச் சத்தம் குறைந்தது.

அக்கா விவரமாகச் சொன்னார். தன் கண் ஆபரேஷனுக்காக அவர் சில நாள் கடைக்கு வரவில்லை. தங்கை கடையைப் பார்த்துக்கொண்டார். தங்கை பொறுப்பானவர். கம்பியில் தொங்குவதையும், இன்னும் ஒப்படைக்காதவை என்று திரையில் இருக்கும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்து, பட்டியலில் இல்லாத துணிகளை எல்லாம் யாரும் கேட்டு வராதவை என்று மூட்டை கட்டி, ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். எப்போதும் செய்கிற வேலைதான் அது. அதில் ஒரு சாம்பல் நிறக் கோட்டும் போய்விட்டது. அதன் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அவருடைய மனைவி பல வாரம் கழித்து, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“ரசீது எண்ணைப் போட்டுத் திரையில பார்த்தா ஒப்படைத்தாயிற்றுன்னு தேதியோட இருக்கு. அந்தத் தேதி அவர் போனதுக்கு அப்புறம். அந்தம்மா எட்டிப் பார்த்துட்டாங்க. ‘யாருகிட்ட குடுத்தீங்க? யாரு வந்து வாங்கினாங்க?’ன்னு கேக்கறாங்க தம்பி. எப்படிக் கேட்டாங்க தெரியுமா? அவரே வந்திருப்பாரோங்கற மாதிரி கேட்டாங்க.”

இவர் தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா, ஒரு அட்டையில எழுதி ஹேங்கர்ல மாட்டியிருப்பேன். வேற வழி யோசிச்சிருப்பேன். நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்க. நானும் பார்த்துட்டே இருந்தேன்.”

மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்குப் போகாமல் நேராக அந்தக் கடைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் ஒரு சலவைக் கடைக்குள் அவர் அவ்வளவு நேரம் நின்றதே இல்லை. கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் போல ஒடுங்கிய கடை. தலைக்கு மேலே இரும்புக் கம்பியில் கண்ணாடித்தாள் உறைக்குள் துணிகள் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கின. இஸ்திரிப் பெட்டி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூலையில், நீராவியில் மங்கிப்போன திரையில், தாங்கள் செய்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். ஈரக் கையோடு தொடுவதற்காக அதன்மேல் பாலித்தீன் ஒட்டியிருந்தது. அந்தப் பாலித்தீனுக்கு மேல் அவர்கள் வைத்திருந்த சின்னப் பொத்தான்கள் கடுகு மாதிரி தெரிந்தன.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அக்கா அவரை அடையாளம் கண்டுகொண்டது குரலை வைத்துத்தான்.

“வாங்க தம்பி. இவ்வளவு ஒல்லியா இருப்பீங்கன்னு நினைக்கலை. குரல் நல்லா சாப்பிடற ஆள் மாதிரி இருக்கும்.”

சிரிக்க முயன்றார், முடியவில்லை. “அந்த அம்மாகிட்ட என்னக்கா சொன்னீங்க?”

“உள்ளதைச் சொல்லிட்டேன். தங்கச்சி தெரியாம குடுத்துட்டான்னு. ரசீதை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாங்க. ‘சரி, குளிருக்கு யாருக்காவது உதவும்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை.”

இரண்டு பேரும் அந்த ஆதரவற்றோர் இல்லத்துக்கு நடந்து போய்க் கேட்டார்கள். அங்கே இருந்தவர் அலமாரிகளைத் திறந்து காட்டினார். சாம்பல் நிறத்தில் இரண்டு கோட்டுகள் கிடந்தன. இரண்டும் அது இல்லை. வந்த துணி வந்த வாரமே போய்விடும் என்று அவர் சொன்னார். திரும்பி வரும் வழியில், அந்த அம்மாவின் எண்ணைக் கொடுத்தால் தானே பேசி மன்னிப்புக் கேட்பதாக இவர் சொன்னார்.

அக்கா நடையை நிறுத்திவிட்டார். “அவங்க குடுத்திருக்கறதும் அவங்க வீட்டுக்காரர் நம்பர்தான். அந்த நம்பருக்கு இனிமே நம்ம பக்கத்துல இருந்து ஒண்ணுமே போக வேண்டாம்.”

அன்று பிற்பகல் அலுவலகம் வந்ததும் அவர் அட்டவணையைத் திறக்கவில்லை. அதில் ஏற்றுவதற்கு முன்னால் வந்தவற்றைத் திறந்தார். கடைக்காரர்கள் எழுதிய கடிதங்கள், குரல் பதிவுகள், தொலைபேசியில் கேட்டுக் குறித்தவை. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ‘விவாகரத்து ஆன ஒருவரின் துணிக்கு அவருடைய பழைய மனைவி எண்ணுக்கே செய்தி போகிறது, அந்தப் பெண் என்னிடம் சண்டை போடுகிறார்.’ இதை அவர் ‘எண் மாற்றும் வசதி’ என்று ஒரு வரியில் போட்டிருந்தார். ‘வெளிநாடு போனவர் அடுத்த வருஷம்தான் வருவார், அதுவரை வாரா வாரம் ஏன்?’ இதை ‘தேதி வசதி’ என்று வேறொரு வரியில். ‘கல்யாண உடை ரகசியமாகக் கொடுத்தது, செய்தி போய் வீட்டில் தெரிந்துவிட்டது.’ இது ‘செய்தியின் சொற்கள்’ என்ற தலைப்பில் கிடந்தது. இப்படித் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. கேட்டவர்கள் எல்லோருக்கும் தொல்லை ஒன்றுதான். சொன்ன விதம் வேறு வேறாக இருந்ததால் ஆளுக்கொரு வரியில், ஒற்றை ஆளாக, அட்டவணையின் அடியில் சிதறிக் கிடந்தார்கள். புள்ளித் திட்டத்தைக் கேட்ட கிளைகளோ ஒரே தலைமையகத்திலிருந்து வந்த ஒரே கடிதத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பியிருந்தன.

இத்தனை நாளும் வார்த்தைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு உறைத்தது.

திங்கட்கிழமை சந்தையில் அவர் முதலில் பேசினார். அதுவே புதுசு. கோட்டின் கதையைச் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பெரிய நிறுவனத்துக்காரங்க புள்ளித் திட்டத்துக்காகக் காத்திருக்காங்களே. அவங்களுக்கு என்ன சொல்றது?”

“முடியாதுன்னு சொல்லலாம் சார்.”

அறையில் ஒருவர் இருமினார். கத்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் ஒண்ணு கேக்கறேன்” என்றார் கத்திரி. “ஆளுக்கு ஆள் நிறுத்தணுமா, இல்ல அந்த ஒரு ரசீதுக்கு மட்டும் நின்னா போதுமா?”

“ரசீதுக்கு மட்டும் நின்னாப் போதும்னுதான் நினைக்கறேன்.”

“ரசீதுல ஒரு கட்டம். அதுல டிக் போட்டா செய்தி போகாது. துணி கம்பியிலேயே இருக்கும், கணக்கும் சரியா இருக்கும். நாளைக்கு மறுநாள் தர்றேன்.”

அவர் கத்திரி பக்கம் திரும்பினார். “மாசக்கணக்கா ஆகும்னு சொன்னீங்களே?”

“நீங்க கேட்டது ஆளுக்கு ஆள். சின்னதா முடியுமான்னு நீங்க கேக்கவே இல்லையே சார். முடியாதுன்னா சரின்னு போயிட்டீங்க.”

கத்திரி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. முதலாளி கொஞ்சம் முணுமுணுத்தார், பெரிய நிறுவனம் கோபித்துக்கொண்டால் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த அழைப்பை அவர் அன்றே செய்தார். நிறுவனத்தின் மேலாளர் எடுத்த எடுப்பில் “எப்போ வருது?” என்றார்.

“இந்த வருஷம் வராதுங்க. அடுத்த வருஷமும் வரும்னு சொல்ல மாட்டேன்.”

“இதை ஆறு மாசம் முன்னாடி சொல்றதுக்கு என்னங்க? புள்ளிக்கு அட்டை அடிச்சு, வர்றப்பல்லாம் முத்திரை குத்திட்டுப் போயிருப்போம்ல?” என்றார் மேலாளர். கோபம்தான். முதலாளிக்கும் தனியாகக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். ஆனால் விட்டுப் போகவில்லை. அட்டை அடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் பிற்பகலில் ஓரிரண்டு பேரைக் கூப்பிட்டு, நீங்கள் கேட்டது நடக்காது என்று சொல்வதை அவர் வேலையாக வைத்துக்கொண்டார். முதல் சில அழைப்புகளுக்கு முன் தண்ணீர் குடித்துக்கொள்வார். ஒரு கடைக்காரர் காதில் ரத்தம் வருகிற மாதிரி திட்டினார். ஒருவர், “நானா கேட்டேன்? எதுக்குக் கேட்டேன்?” என்று இவரையே திருப்பிக் கேட்டார். தான் கேட்ட வசதி வரும் வரும் என்று புது அச்சு இயந்திரம் வாங்காமல் இருந்த ஒருவர், “அப்பாடா, இன்னிக்கே வாங்கிடறேன்” என்று சந்தோஷமாக வைத்தார். இரண்டு கடைகள் வேறு மென்பொருளுக்குப் போய்விட்டன. அதற்கு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டிலும் இதன் சூடு பட்டது. அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தார். வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக் குடிபோகலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி பேச்சை எடுத்தார்.

“ஏங்க, அங்க ஒரு வீடு காலியாகுதாம்.”

அவர் கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தார். “எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை.”

மனைவி நிமிர்ந்து பார்த்தார். “என்ன சொன்னீங்க?”

“இஷ்டமில்லைன்னு சொன்னேன். எனக்கு இங்க இருந்து ஆபீஸ் நடக்கற தூரம். பழகின இடம்.”

“இதை இத்தனை வருஷமா மனசுலயே வச்சிருந்தீங்களா?”

“ஆமா.”

“நான் உங்களுக்கு வீடு தேட நேரமில்லைன்னு நினைச்சு, புரோக்கர் நம்பர் எல்லாம் சேர்த்து வச்சிருக்கேன்!” மடித்த தலையணை உறை ஒன்று பறந்து வந்து அவர் மேல் விழுந்தது. “முடியாதுன்னு சொல்லியிருந்தா அப்பவே சண்டை போட்டிருப்பேன்ல? சண்டை போடவாவது விட்டிருக்கலாம்ல?”

அன்றைக்கு அந்தச் சண்டை நடந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு நடந்தது. மழைக்காலத்தில் இரண்டாவது பேருந்துக்காக நிற்கும் இடத்தில் கூரை இல்லை என்பதும், குனிந்து நிமிர்ந்து வேலை செய்துவிட்டு வரும் மனைவிக்குச் சில நாள் முழங்கால் வீங்கிவிடுகிறது என்பதும் அவருக்கு அன்றுதான் தெரியவந்தது. தெரியாது என்று சொன்னதும் மனைவிக்குக் கோபம் இன்னும் ஏறியது. “கேட்டீங்களா?” என்றார். கேட்கவில்லைதான். சாயங்காலம் இருவரும் போய் அந்த வீட்டைப் பார்த்தார்கள். சமையலறை இருட்டாக இருந்தது. அதை வேண்டாம் என்று சொன்னவர் மனைவிதான். அடுத்த தெருவில் பார்த்த வீட்டுக்குப் பள்ளி விடுமுறையில் குடிபோனார்கள். இப்போது அவர் பேருந்தில் போகிறார். நடக்கும் தூரத்தை விட்டுவந்தது இன்னமும் அவருக்கு வருத்தம்தான். அதை அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறார்.

கத்திரி சொன்னபடியே அந்தக் கட்டம் வந்தது. ‘இந்தத் துணிக்குச் செய்தி வேண்டாம்’ என்று அதற்கு நேரே எழுதியிருக்கும். அக்காவுக்கு அதைப் போட்டுக் காட்ட அவரே போனார். கறுப்புக் கண்ணாடி போய்ச் சாதாரணக் கண்ணாடி வந்திருந்தது. அக்கா திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் நின்று பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கு. கொஞ்சம் பெரிசு பண்ண முடியுமா?”

“இந்த மாசம் முடியாதுக்கா. இதே திரையை மொத்தமா மாத்தப் போறோம், அப்போ பெரிசாகும். அதுவரைக்கும் கட்டத்துக்குப் பக்கத்துல பாலித்தீன் மேல ஒரு சிவப்புப் புள்ளி வச்சுக்கங்க.”

அக்கா மேசை இழுப்பறையைத் துழாவி நகப்பூச்சுக் குப்பியை எடுத்து, அவர் விரல் காட்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். அது காயட்டும் என்று ஊதிக்கொண்டிருக்கும்போது, எதிர் வாசலிலிருந்து ஒருவர் கையில் துணிப்பையோடு சாலையைக் கடந்து வந்தார். அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அவரிடம் பெயரையும் எண்ணையும் கேட்டார். இவர் ஓரமாக ஒதுங்கி, அந்த ஆளுக்கு நிற்க இடம் விட்டார்.